அத்தை மறைந்த வருஷம்

"இவங்க நமக்குத் தூரத்துச் சொந்தம்," என்றார் உதயகுமார், கூடப்பிறந்த தங்கையைக் காட்டி. மகள் மதிவதனி சிரித்தபடி கைகூப்பினாள்.

கஸ்தூரிக்கு முழங்கால் வலி. மறுத்துப் பேசக்கூட அலுப்பாக இருந்தது. காலனிக்கார ஜஸ்டினைக் கட்டிக்கொண்டு அவள் கோவில்பதாகைக்கு வந்ததிலிருந்து அண்ணன் இந்த வாசலை மிதித்ததில்லை. மாங்காட்டு வீட்டில் அப்போதே அவளுக்குக் காரியம் செய்து தலைமுழுகிவிட்டார்கள். சாதிக்காக, உயிரோடு இருக்கிறவளுக்கு எள்ளுந்தண்ணியும் இறைக்கிற புண்ணியவான்கள் நம்மிடையே இன்னும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள்.

இன்று அவரை இழுத்து வந்தது பாசமல்ல. மதிவதனியின் கல்யாண மண்டபத்தில் இரண்டு வீட்டு வம்சாவளியையும் பேனராக வைக்கப் போகிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் எல்லாம் தயார். பெண் வீட்டிலோ பழைய தலைமுறைகளில் ஆண்களின் பெயர்தான் இருந்தது. அவர்களைப் பெற்ற பெண்களின் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆடியில் கூழ் ஊற்றும்போது அம்மா அந்தப் பெயர்களையெல்லாம் சொல்லிக் கும்பிடுவாள். பக்கத்தில் நின்று கேட்டவள் கஸ்தூரி.

காபி கொண்டுவந்தாள். உதயகுமார் கையை ஆட்டினார்.

"வேணாம். வண்டியில தண்ணி பாட்டில் கீது."

மதிவதனி எடுத்துக் குடித்தாள். செல்போனில் ரெக்கார்டரைப் போட்டாள்.

"தாத்தாவோட அம்மா பேரு தெரியுமா ஆன்ட்டி?"

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தோன்றியது. ஆனால் பேரில்லாமல் போவது எப்படியிருக்கும் என்று கஸ்தூரிக்குத் தெரியும். அந்தப் பொம்பளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

"தாயம்மா. அவங்க மாமியா வேம்புலியம்மா."

மதிவதனி மடியில் விரித்திருந்த தாளில் சந்தோஷமாக எழுதினாள். கஸ்தூரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். உதயகுமார் என்ற பெயருக்குப் பக்கத்தில், 'கஸ்தூரி, மறைவு 1996' என்றிருந்தது.

"இது யாரும்மா?"

"எங்க அத்தை. மஞ்சக்காமாலைல செத்துட்டாங்களாம். வருஷா வருஷம் அப்பா வடை, பாயசத்தோட படைப்பாரு."

செத்தவளுக்குப் பாயசம், இருக்கிறவள் கையால் ஒரு வாய் காபி ஆகாது! கஸ்தூரி அண்ணனைப் பார்த்தாள். அவர் எழுந்துவிட்டார்.

"நேரமாவுது, கெளம்பும்மா."

"ஒரு நிமிஷம்ப்பா. ஆன்ட்டி, உங்க பேரு? உதவி பண்ணவங்கன்னு கீழ போடறேன்."

"கீழ இன்னாத்துக்கு கண்ணு? அதான் மேலயே போட்டுக்கிறியே." கஸ்தூரி தன் பெயர்மேல் விரலை வைத்தாள். "அந்த மறைவுன்றத மட்டும் அடிச்சுடு. அது நான் செத்த வருஷம் இல்ல, கல்யாணம் கட்டிகினு வந்த வருஷம். பக்கத்துல எடம் கீது பாரு, ஜஸ்டின்னு எழுது."

மதிவதனி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் பேனாவின் மூடியைத் திறந்தாள்.