சக்கரத்தின் இடது கால்

வாத்து ஆளைப் பார்த்து வாலாட்டுமா என்று கேட்கிறவர்கள் நாகஜோதி வீட்டு முற்றத்துக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். ஆட்டும். நன்றாகவே ஆட்டும். அது வாலாட்டிய ஆள் நாகஜோதி இல்லை என்பதுதான் இங்கே இத்தனை வினைக்கும் காரணம்.

இத்தனைக்கும் அந்த வாத்தைக் கொண்டுவந்ததே அவள்தான். ஆமத்தூர்க் கண்மாயில் தண்ணீர் கிடந்த வருசம், வாத்து மேய்க்க வந்தவர்களிடம் ஒற்றைக் குஞ்சாக வாங்கி, முந்தானையில் பொதிந்து டவுன் பஸ்ஸில் கொண்டுவந்தாள். இறக்கி விட்டதும் அது நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றியது. தரைச்சக்கரம் மாதிரி சுற்றுகிறதே என்று ‘சக்கரம்’ என்றே பெயர் வைத்துவிட்டாள். “ஏ சக்கரோம்” என்று அவள் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், தெருக்கோடியில் இருந்தாலும் இறக்கையை விரித்துக்கொண்டு ஓடிவரும்.

நாகஜோதியின் குரலைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. குழாயடியில் அவள் வாயைத் திறந்தால் வரிசை தானாக ஒழுங்காகும். கட்டிய புருசன் சுந்தரபாண்டிகூட அந்தக் குரல் கொஞ்சம் ஏறினால் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு நடையைக் கட்டுவான். அந்தக் குரலைக் கேட்டு ஆசை ஆசையாய் ஓடிவந்த உயிர் உலகத்திலேயே ஒன்றுதான். அது சக்கரம்.

அந்த ஒன்றுக்கும் பங்கு கேட்க வந்து சேர்ந்தாள் பாண்டிமீனா, கொழுந்தன் மணிமுத்துவைக் கட்டிக்கொண்டு. ஒரே முற்றம், எதிரெதிராக இரண்டு வீடு. பாண்டிமீனா பட்டாசுக் கம்பெனியில் திரி வேலை. காலையில் வேன் வந்து ஏற்றிப்போகும், சாயங்காலம் இறக்கிவிடும். வந்தவள் சும்மா இருந்திருக்கலாம் அல்லவா? பாதியாக அறுத்த பிளாஸ்டிக் டிரம் ஒன்றைத் தன் வாசலில் வைத்து, தான் குளிக்கிற தண்ணீரில் பாதியை அதில் ஊற்றிவிட்டாள். குழாயில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் எட்டிப்பார்க்கிற ஊரில், வாத்துக்கு நீச்சல் குளம்! சக்கரம் எங்கே போகும்? பாண்டிமீனா வாசலிலேயே குடியிருந்தது. சாயங்காலம் வேன் ஹாரன் கேட்டால் படலுக்கு ஓடும். அங்கே போய் நின்றுகொண்டு வாலை ஆட்டும்.

நாகஜோதிக்கு வயிறு பற்றி எரிந்தது. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, நிசமாகவே எரிந்தது. சோறு இறங்கவில்லை, மோர் குடித்தும் அடங்கவில்லை. அந்தச் சிறுக்கி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினாலாவது நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்து ஆற்றிக்கொள்ளலாம். அவளோ, “அக்கா, சாப்பிட்டீகளா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். இவளிடம் எப்படித்தான் சண்டை போடுவது?

“வைக்கோல்ல படுக்க வைக்கா, தொட்டியில குளிக்க வைக்கா. நம்மால முடியாததா?” என்று ஒருநாள் புருசனிடம் கத்தினாள்.

“வாத்துதானடி” என்றான் சுந்தரபாண்டி, சட்டையைத் தேடிக்கொண்டே.

“உங்களுக்கு வாத்து. எனக்கு?”

நாகஜோதி வேலை பார்த்தது காலண்டர் கம்பெனியில், தினக் காலண்டர் அட்டையின் தலைப்பில் தங்க நிறத் தகர ரிம் அடிக்கிற பிரிவில். சீசன் நேரத்தில் அங்கே கட்டிங் பேப்பர் முழங்கால் அளவு குவியும். ரோஸும் மஞ்சளும் பச்சையுமாய் நைசான துண்டுகள். கேட்டால் சாக்கு நிறையத் தருவார்கள். நாகஜோதி ஒரு சாக்கு வாங்கிவந்து, தன் வீட்டு ஓரமாகக் கம்பிவலை அடைப்புக் கட்டி, உள்ளே மெத்தென்று பரப்பி, சக்கரத்தைப் பிடித்து உள்ளே விட்டுக் கொக்கியைப் போட்டாள். பாண்டிமீனாவின் வைக்கோலெல்லாம் இதற்கு முன்னால் என்ன? கலர் கலராய் மெத்தை! வேன் வருகிற நேரத்தில் சக்கரம் வலையில் மூக்கை இடித்து இடித்துக் கத்தியது. கத்தட்டும், பழகிவிடும் என்று இருந்துவிட்டாள்.

அந்தக் கம்பெனியில் கூட்டுகிறவர்கள் பேப்பரையும் தகரப் பிசிறையும் ஒரே குவியலாகத்தான் தள்ளுவார்கள். வீட்டுக்கு எடுத்துப்போகிறவர்கள் வெயிலில் விரித்து உதறி, மினுங்குவதைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் எதற்கும் எடுப்பார்கள். நாகஜோதிக்கு இது தெரியாதா? தலைகீழாகத் தெரியும். அன்றைக்குப் பாண்டிமீனா வேனிலிருந்து இறங்குவதற்குள் மெத்தை தயாராக வேண்டும் என்ற அவதி. உதறவில்லை.

கொஞ்ச நாளில் சக்கரம் நொண்டியது. தூக்கிப் பார்த்தால் இடது காலின் அடிப்பாகம் புடைத்து, சூடாக இருந்தது. நடுவில் மிளகு போல ஒரு கறுத்த பொருக்கு. நாகஜோதி மஞ்சளை அரைத்துப் பூசி, யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டாள். பூசிய மஞ்சள் புண்ணுக்குள் போகவே இல்லை. பொருக்கு காசளவுக்குப் பெரிதாகி, வாத்து இரைக்கும் எழுந்திருக்காமல் ஒரு காலை மடித்தே கிடந்தபோது, மறைக்க முடியவில்லை.

பாண்டிமீனா வலைக்கு வெளியே குத்தவைத்துப் பார்த்தாள். “அக்கா, கால் ஏன் இப்பிடி வீங்கியிருக்கு?”

“ஏன்னா கேக்க? உன் டிரம்ம ஏறி ஏறிக் குதிச்சதுல வந்த வினை! நீ தண்ணி காட்டி வளத்த லெச்சணம்!”

பாண்டிமீனா முகம் சுண்டிப்போயிற்று. டிரம்மைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்ப் போட்டாள். போட்டுவிட்டு வந்து, “தப்புத்தான்க்கா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோமா?” என்றாள். அதற்கும் நாகஜோதிக்கு எரிந்தது. மன்னிப்புக் கேட்பதில்கூட இவள்தான் முந்த வேண்டுமா?

மறுநாள் அரைநாள் லீவு போட்டு, துணிப்பையில் வாத்தை வைத்துக்கொண்டு தனியாகவே கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா இளவயசு. காலைத் திருப்பி, விரலால் அழுத்திப் பார்த்தாள்.

“உள்ள சீழ் கட்டியாட்டம் இறுகிக் கெடக்கு. இப்படியே விட்டா எலும்புக்குப் போயிரும், அப்புறம் கால் தேறாது. வெதுவெதுப்பான தண்ணியில பேதி உப்பு போட்டு, தெனமும் காலை நல்லா ஊற வைங்க. பொருக்கு இளகி வரும். வராததப் பிடுங்காதீங்க. வந்ததும் சீழைத் துடைச்சு, இந்த மருந்தால கழுவி, களிம்பு போட்டுக் கட்டுங்க. கட்டு நனையக் கூடாது. காஞ்ச வைக்கோல்ல மட்டும் விடுங்க.”

வைக்கோல் என்று கேட்டதும் நாகஜோதிக்கு முகம் சுருங்கியது. அதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“ஒரு ஆள் பிடிக்கணும், ஒரு ஆள் மருந்து போடணும். தலையத் துணியால மூடிக்கிடுங்க, பதறாது. ஆனா ஒண்ணு, வாத்து லேசுல மறக்காது. நோக வச்ச ஆள்கிட்ட அப்புறம் அண்டாது.”

இந்தக் கடைசிப் பேச்சை நாகஜோதி பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தாள். நோக வைத்த ஆள்! வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் முடிவு கட்டியாயிற்று. வேன் வந்ததும், இதுவரை வராத ஒரு குழைவு குரலில் வந்தது.

“ஏ மீனா, உனக்குத்தான் திரி பிடிச்ச கை. நெளுவா, பதமா வேலை பாப்ப. நீ பொருக்க எடு, நான் பிடிச்சுக்கிடுதேன்.”

“நானாக்கா?” பாண்டிமீனாவின் கண் விரிந்தது. தன்னை நம்பி ஒரு வேலை கொடுத்துவிட்டாளே என்று பூரித்துப்போனாள், பைத்தியக்காரி.

உப்புத் தண்ணீரில் ஊற வைத்து ஊற வைத்து, பொருக்கு ஓரம் கழன்று நின்ற சாயங்காலம், முற்றத்தில் உட்கார்ந்தார்கள். நாகஜோதி வாத்தைத் துண்டில் சுற்றி மடியில் அமுக்கி, தலையில் பழைய ரவிக்கைத் துணியைப் போட்டாள். சுந்தரபாண்டி டார்ச் லைட் பிடித்தான். பாண்டிமீனா கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, வாய் திறக்காமல் வேலையைத் தொடங்கினாள். கம்பெனியில் திரி அறையில் அனாவசியப் பேச்சே கூடாது, அந்தப் பழக்கம் அவளுக்கு.

நாகஜோதிக்கோ வாய் நிற்குமா? வாத்து திமிறத் திமிற, “என் தங்கம்லா, என் சக்கரம்லா, ஒண்ணுமில்லடா, அக்கா ஒருத்தி நோண்டுதா, நான் இருக்கேன்லா” என்று காதோரம் கொஞ்சிக்கொண்டே இருந்தாள். வலி யார் கையால், ஆறுதல் யார் குரலால் என்று வாத்துக்கு நன்றாகப் பதியட்டும் என்ற எண்ணம்.

பொருக்கு கழன்றது. பின்னாலேயே வெண்டைக்காய் விதை மாதிரி கெட்டிச் சீழ் உருண்டு வந்தது. வாத்து ஒரு தடவை வீரிட்டது. பாண்டிமீனா பஞ்சால் துடைத்தவள் சட்டென்று நின்றாள். பஞ்சில் ஒரு பிசிறு. தங்க நிறம், நகக்கண் அளவு, ஓரம் கத்தியாட்டம்.

அந்த நிறம் அந்த முற்றத்தில் ஒருத்தி வேலை பார்க்கிற இடத்திலிருந்துதான் வரும். நாகஜோதியின் கொஞ்சல் பாதியில் அறுந்தது. பாண்டிமீனா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பார்வை வலை அடைப்புக்குப் போய், கலர் மெத்தையில் நின்று, திரும்பி வந்தது.

“என்னதது?” என்று எட்டிப் பார்த்தான் சுந்தரபாண்டி.

“முள்ளு” என்று பஞ்சோடு சேர்த்துச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள் பாண்டிமீனா.

அடிப்பாவி! பொய் சொன்னால்கூட அடுத்தவளைக் காப்பாற்றுகிற பொய்யாகச் சொல்கிறாளே! நாகஜோதிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கழுவி, களிம்பு போட்டு, கட்டுக் கட்டி முடிக்கும்வரை அவள் வாத்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே கலர் பேப்பர் முழுவதையும் சாக்கில் அள்ளிக் கட்டினாள். சக்கரம் பாண்டிமீனா வீட்டு வைக்கோலுக்குப் போயிற்று.

மறுநாள் சாயங்காலம் கட்டு மாற்ற வேண்டும். நாகஜோதி எட்டத்திலேயே நின்று, தன் பழைய இழுப்பில், “ஏ சக்கரோம்” என்றாள்.

வாத்து விறைத்தது. அடுத்த நொடி, கட்டுப்போட்ட காலையும் ஊன்றி, இறக்கையை அடித்துக்கொண்டு பாண்டிமீனாவின் சேலைக்குப் பின்னால் போய் ஒடுங்கியது. நோண்டியவளின் சேலைக்குப் பின்னால்! நாகஜோதி இன்னொரு தடவை, இன்னும் கனிவாக, “நான்தானடா” என்றாள். அது சுவரில் முட்டிக்கொண்டு கத்தியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தலையை மூடியிருந்த வாத்து யாரைக் கண்டது? அமுக்கிய மடியும் காதோரத்துக் குரலும்தான் அதற்குத் தெரியும். வலித்த நேரம் முழுவதும் கேட்ட ஒரே குரல் இவளுடையது. பாண்டிமீனா மூச்சுகூட விடவில்லை.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள் நாகஜோதி.

பாண்டிமீனா அவளையும் வாத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். விளங்கிக்கொண்டாள் போல. “அக்கா, இன்னைக்கு நான் பிடிக்கேன். பேசிக்கிட்டே பிடிக்கேன். நீங்க சத்தங்காட்டாம மருந்து போடுங்க. எம்மேல பயந்துட்டுப் போகட்டும்.”

டாக்டரம்மா சொன்னதை நாகஜோதி மறைத்தாளே, அது இவளுக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்தும் தானாக வந்து கழுத்தை நீட்டுகிறாளே!

“வேண்டாம்.”

“இல்லக்கா, எனக்கு ஒண்ணும்...”

“வேண்டாங்கேன்லா! அந்த நல்ல பேரையும் நீயே எடுத்துக்கிடுவியோ? அது ஒரு ஆள்ட்ட பயந்தது போதும். நீ மருந்தப் போடு.”

முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு வாத்தைப் பிடித்தாள். அன்றும் அதற்குப் பின்னும், கட்டு மாற்றிய ஒவ்வொரு சாயங்காலமும் முந்தானை பல்லிலேயே இருந்தது. வீக்கம் வற்றியது. டாக்டரம்மா பார்த்து, இனிக் கட்டு வேண்டாம், தண்ணீரில் விடலாம் என்றாள்.

கொல்லையில் கிடந்த டிரம்மை நாகஜோதியே உருட்டிவந்து, தேய்த்துக் கழுவி, பாண்டிமீனா வாசலில் வைத்தாள். தன் வீட்டுக் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிவிட்டுத் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை.

சக்கரம் வந்தது. முங்கி, உதறி, ஏறி வந்து, வைக்கோலில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தயங்கித் தயங்கி அவள் கால் பக்கம் வந்து, மெட்டியை ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தது. நாகஜோதி அசையவில்லை. தொண்டைவரை வந்த “என் தங்கம்லா”வை அப்படியே விழுங்கினாள்.

வேன் ஹாரன் கேட்டது. படலைத் திறந்து உள்ளே வந்த பாண்டிமீனா, “அக்கா, சாப்பிட்டீகளா?” என்றாள்.

தெருவே நடுங்குகிற வாய்க்காரி, பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினாள். இருவருக்கும் நடுவில் நின்று சக்கரம் வாலாட்டியது. யாரைப் பார்த்தடா ஆட்டுகிறாய் என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது. கேட்டால் ஓடிவிடும் என்று பேசாமல் இருந்தாள்.