சங்கிலி போடாத கதவு

அத்தையின் நினைவுக் கூட்டத்தில் என் கணவர் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், முதல் வரிசையில் பேக்கரி மாமாவின் நாற்காலி காலியாக இருந்தது. நல்லதோ கெட்டதோ, நாற்காலி போடுவதற்கு முன்பே வந்து நிற்கிற மனிதர். மனைவி போனபிறகு தனியாக இருக்கிறார். போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அவருடைய பக்கத்து வீட்டு லாரி டிரைவர் என் பக்கம் குனிந்தார். "நேத்துலேர்ந்து ஆளக் காணோம். கதவத் தட்டுனேன், தொறக்கல. சாவி உங்ககிட்டதான இருக்கும்?"

இருந்தது. அத்தையின் சாவிக்கொத்து என் கைப்பையில்தான் கனத்துக்கொண்டிருந்தது.

அத்தை என்றால் என் மாமியார். மற்ற எல்லோருக்கும் பெரியம்மா. நம் ஆட்கள் நாலு குடும்பம்கூட இல்லாத காலத்தில் ஒரு தையல் மெஷினோடு இந்த அந்நிய நாட்டு நகரத்தில் வந்து இறங்கியவர். கூட்டம் நடக்கும் இந்த மாடிக் கூடம்கூட, கட்டடச் சொந்தக்காரரோடு அவர் மல்லுக்கட்டி வாங்கித் தந்ததுதான். புதிதாக ஒரு குடும்பம் வந்தால் முதல் வேலையாகப் போய் ஜன்னலை அளந்து திரைச்சீலை தைத்துக் கொடுப்பார். கூலி, அந்த வீட்டின் இன்னொரு சாவி. மிஞ்சிய துணியில் ஒரு கீற்றைக் கிழித்து அந்தச் சாவியில் கட்டிவிடுவார். தெருவில் நின்று ஜன்னலைப் பார்த்தால் போதும், எந்தச் சாவி என்று தெரிந்துவிடும். தனியாக இருப்பவர்களுக்கு இன்னொரு கட்டளையும் உண்டு, கதவுக்கு உள்சங்கிலி போடக்கூடாது. "சங்கிலியப் போட்டுட்டு நீ உள்ள விழுந்து கெடந்தா, இடுக்குல நொழஞ்சு வர நான் என்ன பல்லியா?"

அப்படித் திறந்த கதவுகளுக்குப் பின்னால் எதையெல்லாம் பார்த்தார் என்று அவர் சொன்னதில்லை. சில நாள் வந்ததும் மெஷினில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே இருப்பார். ஊசியில் நூல் இருக்காது. அந்தச் சத்தம் கேட்டால் நான் அடுப்படியை விட்டு வரமாட்டேன். செத்தவர்களைப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது. அத்தையின் முகத்தைக்கூடக் கடைசியில் நான் சரியாகப் பார்க்கவில்லை. இந்தக் கொத்தை யாராவது கேட்டு வாங்கிக்கொள்வார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆகவேண்டும்.

இரண்டு தெரு தள்ளித்தான் மாமாவின் வீடு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். மூன்றாம் மாடியில் மஞ்சள் திரை, நீலக் கோடு. பட்டப்பகலில் உள்ளே விளக்கு எரிந்தது. கொத்தில் அதே மஞ்சள் கீற்றுக் கட்டிய சாவியைத் தேடி எடுத்தேன்.

"நீங்களே தொறந்துருங்களேன்" என்று டிரைவரிடம் நீட்டினேன்.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "பெரியம்மா வீட்டு ஆளு தொறந்தாதாங்க சரி. நான் இங்கயே நிக்கறேன்."

லாரி லாரியாகச் சுமை ஏற்றி இறக்குகிற மனிதர், படிக்கட்டுத் திருப்பத்திலேயே நின்றுவிட்டார்.

நான் கதவைத் தட்டினேன். மாமா என்று கூப்பிட்டேன். உள்ளே ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருந்தது. சாவியை நுழைத்தபோது மனசுக்குள் ஒன்றே ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டேன், சங்கிலி போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் போலீஸைக் கூப்பிட்டுவிட்டு நான் இறங்கிவிடலாம். போட்டுத்தான் இருப்பார். வருகிறவர்தான் போய்விட்டாரே, இனி யாருக்காகத் திறந்து வைப்பார்?

சாவி திரும்பியது. கதவை ஒரு சாண் தள்ளினேன், தடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.

நடையில் ஒரு செருப்பு மட்டும் கிடந்தது. உள்ளறை விளக்கின் வெளிச்சம் தரையில் நீண்டிருந்தது. நாளைக்கு மழை வரும் என்று ரேடியோ இந்த நாட்டு மொழியில் சொல்லிக்கொண்டிருந்தது.

"மாமா, நான்தான்" என்றேன். "பெரியம்மா வீட்லேர்ந்து வந்திருக்கேன்."

கதவு நிலையில், மாட்டாத சங்கிலி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.