லோடு டெஸ்ட் ஆச்சு

"லோடு டெஸ்ட்டு போன வாரமே ஆச்சும்மா. நீ கையெழுத்த மட்டும் போடு" என்றார் தேவநாதன். செஞ்சியில் அவருடைய நெல் மண்டிக்கு எங்கள் கம்பெனிதான் சாப்ட்வேர் செய்து கொடுத்திருந்தது. திங்கட்கிழமை முதல் பன்னிரண்டு கவுண்டரிலும் எடைச்சீட்டு கம்ப்யூட்டரில்தான். ஒரே நேரத்தில் பலர் தட்டினால் அது தாங்குமா என்று பார்த்துச் சான்று எழுதுவது என் வேலை. லோடு டெஸ்ட் என்பது அதுதான்.

அவர் நீட்டிய காகிதத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது லாரி எடை மேடைக்கு முத்திரை போட்ட சான்றிதழ்.

"ஐயா, இது எடை மேடைக்குக் குடுத்தது."

"லோடு வச்சுத்தானம்மா பாத்தாங்க? இருபது டன்னு. பச்சமுத்து, நீதான கூட இருந்த?"

எடை மேடையைப் பார்த்துக்கொள்ளும் பச்சைமுத்து பெருமையாகத் தலையாட்டினார்.

இவர்களையாவது மன்னிக்கலாம். மண்டியில் லோடு என்றால் நெல் மூட்டைதான். ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கும் என் மேனேஜர் கமலேஷை என்ன சொல்வது? பிரவுசரில் ஐந்நூறு பேர் வந்து நெல் விலை பார்ப்பதுபோல் ஒரு டூலை ஓட்டிவிட்டு, 'பாஸ்' என்று அறிக்கை எழுதிவிட்டார். கவுண்டர் புரோகிராம் பிரவுசர் பக்கமே போகாது. நேராக சர்வரோடு தனக்கென்று ஒரு பாஷையில் பேசும். அந்த டூலுக்கு அந்தப் பாஷை தெரியாது. தெரியாததை விட்டுவிட்டுத் தெரிந்ததைச் சோதித்திருக்கிறார். போனில் கேட்டேன். "அதெல்லாம் தாங்கும், சைன் பண்ணு" என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் நின்றுபோனால் பேச்சு வாங்கப்போவது கமலேஷ் இல்லை. என் ஊர் தளவானூரிலிருந்து மூட்டையோடு வருகிறவர்கள் எல்லாரும் என் நைனாவுக்குத் தெரிந்தவர்கள். "வீராசாமி பொண்ணுதான் சரின்னு கையெழுத்துப் போட்டுச்சாம்" என்பார்கள்.

"கவுண்டர் ஆளுங்களக் கூப்புடுங்க. திங்கக்கெழம எப்படி ஆரம்பிப்பீங்களோ, அப்படியே இப்ப ஒரு தரம் ஆரம்பிங்க" என்றேன்.

அந்த மண்டியில் காலையில் கற்பூரம் காட்டும்வரை யாரும் முதல் சீட்டு போடமாட்டார்கள். காட்டியதும் அத்தனை பேரும் ஒன்றாகப் போடுவார்கள். பிந்துகிற கவுண்டருக்கு அன்று ராசி இல்லையாம். இதை என் ஆபீசில் ஒருவரும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

தேவநாதன் சலிப்போடு கற்பூரம் ஏற்றினார். பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் தட்டினார்கள். மூன்று கவுண்டரில் சீட்டு வந்தது. மற்ற ஒன்பதும் அப்படியே நின்றுவிட்டன. கற்பூரம் அணைந்த பிறகும் அசையவில்லை.

"இன்னாம்மா இது, பன்னண்டு பேருக்கே படுத்துக்குச்சு?"

"இதாங்க லோடு டெஸ்ட்டு."

அவர் சான்றிதழை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பச்சமுத்து, பழைய சீட்டு புக்க எடுத்து வையி. திங்கக்கெழம அதான்."

நான் என் சான்றை எழுதி முடிப்பதற்கும் கமலேஷ் கூப்பிடுவதற்கும் சரியாக இருந்தது.

"சைன் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் சார்."

பொய் இல்லை. 'தேறவில்லை' என்று பெரிதாக எழுதி, அதன் கீழே பெயரை ஊரோடு முழுசாகப் போட்டிருந்தேன்: வீ. பூங்குழலி, தளவானூர்.