பெல்மதுளையில் மூன்று சேர்வர்கள்

கொழும்பிலிருந்து வந்த ஜனார்த்தனன் பெல்மதுளைச் சந்தியில் வாகனத்தை விட்டு இறங்கியதும் முதலில் செய்தது, சப்பாத்தில் பட்டிருந்த சேற்றை டிஷூவால் துடைத்ததுதான். துடைத்ததை எங்கே போடுவது என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அலுவலகக் கதவைத் திறந்துகொண்டு நின்ற அனிற்றாவின் கையில் கொடுத்தார். அந்த நிமிடத்திலேயே அவருக்கும் அவளுக்கும் ஆகாமல் போயிற்று. அடுத்த மூன்று நாளும் அவர் அந்த வெறுப்புக்குத் தீனி போட்டுக்கொண்டே இருந்தார்.

அனிற்றா வேலை பார்த்தது ஹார்ட்வெயர் கடையொன்றின் மேல்மாடியில் இருந்த சிறிய தொண்டு நிறுவனத்தில். சுற்றுவட்டாரத்தில் ஏழு தோட்டங்களின் சரிவுகளில் மழைமானிகள் நட்டிருந்தார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவை மழையின் அளவை அலுவலகத்துக்கு அனுப்பும். அளவு எல்லை மீறினால், அந்தச் சரிவுக்குக் கீழே லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசைவீடுகளில் இருப்பவர்களின் தொலைபேசிகளுக்கு "உடனே வெளியேறவும்" என்று செய்தி போகும். இரண்டு வருடமாக அதை ஒரே ஒரு பழைய கணினிதான் செய்துவந்தது. அதில் ஓடிய நிரலில் பாதி அனிற்றா எழுதியது.

வெளிநாட்டு உதவி கிடைத்ததும் அந்தக் கணினிக்குப் பதிலாக மூன்று புதிய சேர்வர்கள் வந்தன. குபெர்னெட்டிஸ் என்ற மென்பொருளால் மூன்றையும் ஒரே கிளஸ்டராகப் பிணைத்துவிட்டால், ஒன்று விழுந்தாலும் அதன் வேலையை மற்ற இரண்டும் எடுத்துக்கொள்ளும். அதைச் செய்து தரத்தான் ஜனார்த்தனன் வந்திருந்தார்.

"லயத்துக்கே லினக்ஸ் வந்தாச்சு, என்ன?" என்று அவர் நிறுவனப் பொறுப்பாளர் இக்ராமிடம் சொல்லிச் சிரித்தார். மாவனல்லைக்காரரான இக்ராம் மரியாதைக்குச் சிரித்துவைத்தார். லயத்தில் பிறந்து வளர்ந்த அனிற்றா சிரிக்கவில்லை.

அவர் வேலை செய்த விதத்தை அவள் பின்னால் நின்று பார்த்தாள். ஏதோ ஓர் இணையப் பக்கத்தைத் திறப்பார். அதிலுள்ள கட்டளைகளைப் பிரதி எடுத்து அப்படியே ஒட்டுவார். பிழை வந்தால் வேறொரு பக்கத்தைத் திறப்பார். எது எதற்காக என்று ஒருமுறைகூட யோசித்த மாதிரி தெரியவில்லை. ஒன்று விழுந்தாலும் தாங்க வேண்டும் என்பதற்காக வாங்கிய மூன்று சேர்வர்களையும் ஒரே அறையில், ஒரே யூபிஎஸ்ஸில் செருகினார். இந்த அறிவுக்கா கொழும்பிலிருந்து வாகனம் வைத்துக் கூட்டிவந்தார்கள் என்று அவள் மனதுக்குள் ஏளனம் செய்தாள்.

இரண்டாம் நாள் அவள் அதைக் கவனித்தாள். நினைவகம் நிரம்பும்போது, சேர்வர்களை இயக்கும் லினக்ஸ் வன்தட்டில் ஓரிடத்தை உபரியாகப் பாவிக்கும். அதற்கு ஸ்வாப் என்று பெயர். அவர் நிறுவிய பதிப்பில், ஸ்வாப் இயங்கிக்கொண்டிருந்தால் குபெர்னெட்டிஸ் எழும்பாது. ஜனார்த்தனன் அதை நிறுத்தும் கட்டளையை ஒட்டினார். ஆனால் அந்தக் கட்டளையின் பலன் சேர்வர் அணைந்து எழும்பும் வரைக்கும்தான். நிரந்தரமாக நிறுத்துவதென்றால் ஒரு கோப்பைத் திறந்து, ஒரு வரிக்கு முன்னால் ஒரு குறி போடவேண்டும். அதை அவர் செய்யவில்லை.

"சார், ஸ்வாப் திரும்ப வந்துருமே. கரண்ட் போய் வந்தா மூணுமே எழும்பாதுங்க."

அவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "மிஸ், நீங்க இதுவரைக்கும் எத்தனை கிளஸ்டர் போட்டிருக்கீங்க?"

"ஒண்ணும் போடலங்க. ஆனா..."

"நான் முப்பதுக்கு மேல போட்டிருக்கேன். ஒரு உதவி செய்யுங்க. எதையும் தொடாதீங்க. டீ கிடைச்சா பரவாயில்ல."

அவள் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். இனி ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று அப்போதே முடிவெடுத்தாள். முப்பது போட்டவர், முப்பத்தோராவது தன் கண் முன்னால் எப்படி விழுகிறது என்று பார்க்கட்டும்.

திறப்புவிழாவில் ஜனார்த்தனன் ஒரு சேர்வரின் வலையமைப்புக் கம்பியைப் பிடுங்கிக் காட்டினார். மற்ற இரண்டும் வேலையை எடுத்துக்கொண்டன. எல்லோரும் கைதட்டினார்கள். மின்சாரத்தை நிறுத்திப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அனிற்றாவுக்குத் தோன்றியது. பின்வரிசையில் கைகட்டி நின்று, கைதட்டியவர்களையும் சேர்த்தே இகழ்ந்துகொண்டிருந்தாள். அவர் போன பிறகு சேர்வர்களின் கடவுச்சொல் அவளிடமும் இருந்தது. அந்தக் குறியைப் போட ஒரு சேர்வருக்குப் பத்து விநாடி போதும். பதினாறு நாள் அவள் போடவில்லை.

பதினேழாம் நாள், மே மாத வியாழக்கிழமை. காலையிலிருந்தே வானம் கறுத்திருந்தது. பகல் ஒன்றரைக்கு மழை பிடித்தது. இரண்டு மணிக்கு இடி விழுந்து மின்சாரம் போனது. யூபிஎஸ் கால் மணித்தியாலம் தாங்கிவிட்டு ஓய்ந்தது. இரண்டரைக்கு மின்சாரம் வந்தபோது மூன்று சேர்வர்களின் விளக்குகளும் எரிந்தன. திரையில் மழை அளவு எதுவும் வரவில்லை.

இக்ராம் ஓடிவந்தார். "கரண்ட் வந்திட்டு தானே, ஏன் இன்னும் வேல செய்றல்ல?"

"தெரியலங்க சார். ஜனார்த்தனன் சாருக்கு எடுத்துப் பாருங்க. என்னை எதையும் தொட வேணாம்னு சொல்லியிருக்காரு."

தெரியவில்லை என்று சொல்லும்போதே ஓர் இன்பம் அவள் உடம்பில் ஓடியது. அதைப் பின்னால் அவளால் மறக்க முடியவில்லை.

ஜனார்த்தனன் கொழும்பிலிருந்தபடியே இணையம் வழியாகச் சேர்வருக்குள் நுழைந்தார். அவர் தட்டிய ஒவ்வொரு கட்டளையும் இங்கே திரையில் தெரிந்தது. பிழை என்னவென்று சேர்வரே ஒரு வரியில் எழுதி வைத்திருந்தது. அவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. வலையமைப்பைக் கலைத்தார், பழையபடி சேர்த்தார், சேர்வர்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களைப் புதுப்பித்தார். ஒவ்வொரு தோல்விக்கும் அனிற்றா கதிரையில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டாள். அப்படியே நாற்பது நிமிடம் போயிற்று.

மூன்று பத்துக்கு அவளுடைய தொலைபேசி அடித்தது. கல்கந்தைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் மழைமானியைப் பார்த்துக்கொள்ளும் பிரேமலதா. மானியின் கிண்ணத்தில் இலைச்சருகு அடைக்காமல் துப்புரவாக வைப்பது அவளுடைய பொறுப்பு.

"தங்கச்சி, ஒங்க மெசேஜ் ஒண்ணும் வரலியே? இங்க ஓடைத் தண்ணி செம்மண்ணா வருது. லயத்துக்குப் பின்னால நெலம் வெடிச்சிருக்கு, கை நொழையுற அளவுக்கு. மெசேஜ் வந்தாத்தான் போவோம்னு ஆளுங்க உக்காந்திருக்காங்க."

"அக்கா, வெளியேறுங்க! எல்லாரையும் கூட்டிக்கிட்டு இப்பவே ஸ்கூலுக்குப் போங்க!"

பிரேமலதா ஏதோ சொன்னாள். இணைப்பு அறுந்துவிட்டது.

அனிற்றா விசைப்பலகையை இழுத்தாள். ஜனார்த்தனனின் கட்டளையைப் பாதியில் நிறுத்தினாள். ஒரு சேர்வரில் கோப்பைத் திறந்து அந்த வரிக்கு முன்னால் குறியைப் போட்டு, ஸ்வாப்பை நிறுத்தினாள். அடுத்தது. அடுத்தது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. ஆனால் நாற்பது நிமிடமாக அவர் கலைத்துப் போட்டிருந்ததைச் சீராக்க மேலும் இருபத்தைந்து நிமிடம் எடுத்தது. பின்னால் நின்ற இக்ராம் அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாற்பதுக்குச் செய்திகள் புறப்பட்டன.

மலை மூன்று இருபதுக்கே சரிந்துவிட்டிருந்தது.

மறுநாள் காலை அவள் தோட்டப் பாடசாலைக்குப் போனாள். பதினொரு குடும்பங்கள் வகுப்பறைகளில் இருந்தன. யாரும் சாகவில்லை. பிரேமலதா மழையில் லயத்து அறைகளில் காம்பரா காம்பராவாகக் கதவைத் தட்டி, வர மறுத்தவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தாள். கடைசியாக ஓடிய முத்துவீரன் என்ற கிழவர் படிக்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். லயத்தின் ஐந்து காம்பராக்கள் மண்ணுக்குள். அதில் ஒன்று பிரேமலதாவுடையது.

பிரேமலதா மேசையொன்றில் உட்கார்ந்து யாரோ கொடுத்த சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். அனிற்றாவைக் கண்டதும் தொலைபேசியை எடுத்து நீட்டினாள். செய்தி அப்படியே இருந்தது. உடனே வெளியேறவும். பிற்பகல் மூன்று நாற்பது.

"இத யாருக்கு அனுப்புனீங்க, எங்களுக்கா, மண்ணுக்கா?"

அனிற்றா பக்கத்தில் உட்கார்ந்தாள். பொய் சொல்ல வழி இருந்தது. கொழும்புக்காரன் செய்த பிழை என்றால் அது பொய்கூட இல்லை. ஆனால் அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: அந்த வரி, பதினாறு நாள், நாற்பது நிமிடம். அவர் தன்னை எப்படி நடத்தினார் என்பதையும் சொன்னாள்.

பிரேமலதா ஊசியை நிறுத்தவில்லை. "அந்த ஆளு யாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேணாம். ஒங்களத்தான் தெரியும்னு நெனச்சிருந்தேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அவரு மேல கோவம்னா அவரு மூஞ்சில காட்டியிருக்கணும் மிஸ். எங்க தலையில என்னத்துக்குக் காட்டுனீங்க?"

தங்கச்சி மிஸ் ஆகியிருந்தாள். சுற்றியிருந்த பெண்கள் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜனார்த்தனன் அவளைப் பார்த்த பார்வையில் எரிச்சலாவது இருந்தது. இவர்களுடைய பார்வையில் அதுகூட இல்லை.

அடுத்த வாரம் அலுவலகத்தில் கூட்டம். ஜனார்த்தனன் திரை வழியாகக் கலந்துகொண்டார். மின்னல்தான் காரணம், அந்தப் பிரதேசத்து மின்சாரம் அப்படி என்றார். அனிற்றா ஸ்வாப் வரியைத் திரையில் காட்டினாள். அது தனக்கு இரண்டாம் நாளே தெரியும் என்றும் சொன்னாள்.

ஜனார்த்தனன் முகம் தெளிந்தது. "பாத்தீங்களா இக்ராம் சார்? தெரிஞ்சும் சொல்லல்ல!"

"சொன்னேங்க. நீங்க டீ கேட்டீங்க," என்றாள் அனிற்றா. "ஒரு தடவையோட விட்டது என் பிழை. அதுக்கு நான் பொறுப்பு. உங்க பிழைக்கு நீங்க பொறுப்பு எடுங்க."

அவர் எடுக்கவில்லை. வேறொரு கூட்டம் இருப்பதாகச் சொல்லித் திரையை அணைத்துக்கொண்டார். அவர் மேல் அவளுக்கிருந்த இகழ்ச்சி கடுகளவும் குறையவில்லை. அவரைப் பற்றித் தான் நினைத்ததெல்லாம் சரி என்பதில் சந்தேகமும் இல்லை. அந்தச் சரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

இக்ராம் எதிரிலிருந்த கணினியை மூடினார். பிறகு, "உங்கள வீட்டுக்கு அனுப்பினா இத ஆரு பாக்குற?" என்றார். "ஆனா இனி நான் உங்கள நம்புறத்துக்கு நாள் எடுக்கும்."

அனிற்றா முதலிலிருந்து தொடங்கினாள். ஒரு சேர்வரை இரத்தினபுரியில் ஒரு பாடசாலைக்கும் இன்னொன்றைத் தோட்டத் தொழிற்சாலைக்கும் கொண்டுபோனாள். மூன்றையும் மறுபடி பிணைக்க ஐந்து நாள் பிடித்தது. ஒவ்வொரு கட்டளையும் எதற்கு என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிச் சுவரில் ஒட்டினாள். பிறகு கீழ்ப்பிரிவுக்கு ஆள் அனுப்பி, பரீட்சித்துப் பார்க்க யாரையாவது வரச் சொன்னாள்.

வந்தது பிரேமலதா. தண்ணீர்கூட வேண்டாம் என்றாள்.

"அணைங்க பாப்போம்," என்றாள்.

அனிற்றா யூபிஎஸ்ஸையும் அணைத்து, பிரதான மின் ஆளியை இழுத்துவிட்டு, மற்ற இரண்டு இடங்களிலும் அதையே செய்யும்படி தொலைபேசியில் சொன்னாள். எல்லாம் இருண்டது. ஐந்து நிமிடம் கழித்து மூன்று இடத்திலும் மின்சாரத்தைப் போட்டார்கள். ஜன்னலோரம் நின்றபடி பிரேமலதா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காவது நிமிடத்தில் அவளுடைய தொலைபேசி அதிர்ந்தது. சோதனைச் செய்தியை இரண்டு முறை வாசித்தாள். தொலைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

"அடுத்த மாசமும் அணைச்சுக் காட்டணும்," என்று கீழேயிருந்து குரல் வந்தது. "நான் வருவேன்."