ஒன்பது நாற்பது வண்டி

வீடு தேடக் கிளம்பிய அன்று காலையில் தங்கை தன் சின்ன நோட்டைத் திறந்து காட்டினாள். முதல் பக்கத்தில் இரண்டே வரிகள். பயமில்லாத தெரு. ஒன்பதரைக்கு மேல் பஸ்.

"இவ்வளவுதாண்ணா என் கண்டிஷன். காத்து, வெளிச்சம் எல்லாம் அதுக்கப்புறம்."

அவள் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவள். தனி ஆள். மதியம் இரண்டு மணிக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் வெளியே வருவாள். ரத்த மாதிரிக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டிப் பழகிய கை என்பதால் எதை எழுதினாலும் தேதியும் நேரமும் போட்டுத்தான் எழுதுவாள்.

மருத்துவமனையிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் எங்கள் வீடு. அங்கே ஒரு மாதம் தங்கினாள். இரண்டு அறை வீட்டில் இன்னொரு ஆள் வந்தால், யாரும் வாய் திறக்காமலேயே நெருக்கடி தெரிந்துவிடும். கதவை ஓசையில்லாமல் சாத்தக் கற்றுக்கொண்டாள். "சீக்கிரம் ஒரு இடம் பார்த்துக்கிட்டுப் போயிடறேன் அண்ணி" என்று வாரத்துக்கு ஒருமுறை சொன்னாள். "உன்னை யாரு இப்ப விரட்டறா?" என்பாள் என் மனைவி. நான் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்புவேன். போக வேண்டாம் என்று நான் ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

வீடு பார்க்க என்னைவிடப் பொருத்தமான ஆள் இந்த ஊரில் இல்லை என்று அவள் நம்பினாள். நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது திரும்பியது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிற வேலை. எனக்கு மாலை ஷிப்ட்.

அன்று தரகர் மூன்று வீடுகளைக் காட்டினார். முதல் வீட்டில் குளியலறை பொது. இரண்டாவது வீட்டுக்காரர் ஐந்து நிமிடத்தில் பதினைந்து கேள்வி கேட்டார். யார் வருவார்கள், யார் போவார்கள், ஏன் தனியாக இருக்கிறாய் என்று. வெளியே வந்ததும் தங்கை, "ரத்தம் எடுக்கறப்போ நான்கூட இத்தனை கேள்வி கேக்கறதில்லண்ணா" என்றாள். தரகர் சத்தமாகச் சிரித்தார்.

மூன்றாவது வீடு அவளுக்குப் பார்த்ததும் பிடித்துப் போயிற்று. மாடியில் ஒரு அறை, சமையலறை, தெருவைப் பார்த்த பெரிய சன்னல். தெருவில் வரிசையாக விளக்குகள் இருந்தன. எதிரே ஒரு பள்ளிக்கூடம். கீழ்வீட்டில் வயதான தம்பதி. வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் பஸ் நிறுத்தம். அவள் நேராக நிறுத்தத்துக்குப் போய், அட்டவணைப் பலகையை அண்ணாந்து படித்து நோட்டில் குறித்துக்கொண்டாள். இருபத்தேழாம் நம்பர். மருத்துவமனை நிறுத்தத்தில் கடைசி வண்டி 9.40.

"இந்த ஒன்பது நாப்பது கரெக்டா வருமாண்ணா?"

நான் பதில் சொல்லும் முன் தரகர் முந்திக்கொண்டார். "என்ன மேடம் நீங்க, சொந்த அண்ணனே டிப்போல இருக்காரு. சார் கையெழுத்துப் போடலன்னா ஒரு சக்கரம் உருளாது. நீங்க போய் சந்தேகப்படறீங்களே!"

ஒன்பது நாற்பது வண்டி வராது.

அது எனக்குத் தெரியும். டிப்போவில் எல்லோருக்கும் தெரியும். அந்த நடை போய்த் திரும்பப் பத்தரை ஆகும். ஊழியர்களை வீட்டில் கொண்டுபோய் விடுகிற வேன் பத்து மணிக்கே கிளம்பிவிடும். அதனால் டிரைவரும் கண்டக்டரும் வண்டியை ஒன்பதரைக்கே உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். நான் அந்தக் கட்டத்தில் 'இயக்கப்பட்டது, பயணிகள் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். பதிவேட்டை என்னிடம் ஒப்படைத்த அன்று, "இதெல்லாம் ஒரு அட்ஜஸ்ட்மென்ட்தாம்பா" என்று அவர் சொன்னது அவ்வளவுதான். யாரும் காசு வாங்குவதில்லை. ஒன்பது வருடமாக நானும் அதை ஒரு தப்பாக நினைத்ததில்லை.

தங்கை பேனாவை நோட்டின் மேல் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வண்டி வேண்டாம்மா, அது ஓடாது என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் அடுத்த கேள்வி, அது உனக்கு எப்படித் தெரியும் என்பதாகத்தான் இருக்கும். தரகர் வேறு வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"போர்டுல போட்டிருக்குல்ல" என்றேன்.

வரும் என்று நான் சொல்லவில்லை. இதைப் பிறகு பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டதுதான் இன்னும் கேவலம்.

அவள் 9.40-க்குக் கீழே கோடு போட்டாள்.

அவள் குடிபோன மறுநாள் டிப்போவில் டிரைவரைத் தனியாகப் பிடித்தேன். அவருக்கு அங்கே 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். இருபது வருட சர்வீஸில் ஒரு வண்டியைக்கூட முந்தாதவர் என்பதால் யாரோ வைத்த பெயர்.

"அந்தக் கடைசி நடையைக் கொஞ்ச நாளைக்கு ஓட்டிடேன்."

"என்னப்பா திடீர் ஞானோதயம்? ஆபீஸர் எவனாவது வரானா?"

"அதெல்லாம் இல்ல. சும்மாதான்."

"சும்மாவா? அந்த ரூட்ல சொந்தக்காரங்க யாராச்சும் குடிவந்துட்டாங்களா?" என்று கண்ணடித்தார்.

"சேச்சே. அப்படி யாரும் இல்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை முழுதாக விளங்கவில்லை. என் தங்கை என்று சொல்லியிருந்தால், ஒன்பது வருடமாக அந்த நிறுத்தத்தில் நின்றவர்கள் யார் என்ற கேள்வி வந்திருக்கும். எக்ஸ்பிரஸ் அதைக் கேட்டிருக்க மாட்டார். எனக்குள்ளேயே வந்திருக்கும். அதைத் தவிர்க்கத்தான் அவளையே இல்லை என்றேன் போலிருக்கிறது.

"அப்போ வேனை நீ நிறுத்தி வை, நான் ஓட்டறேன்" என்று சிரித்துவிட்டு அவர் போனார். அன்று இரவும் கையெழுத்துப் போட்டேன்.

போனில் பேசும்போது கேட்பேன். "பஸ்ஸெல்லாம் எப்படிம்மா?"

"பரவாயில்லண்ணா. சமாளிச்சுக்கறேன்."

சமாளிக்கிறேன் என்றால் என்ன என்று நான் கேட்டதில்லை. ஒருமுறை அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். அண்ணனுக்கு அவன் வேலை செய்கிற இடத்தில் சங்கடம் வேண்டாம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். நான் அந்த மௌனத்தை வசதியாக எடுத்துக்கொண்டு, "சரி, வைக்கட்டுமா?" என்றேன்.

ஐந்தாவது வாரம் என் மேஜைக்கு ஒரு புகார்க் கடிதம் வந்தது. வண்டி வரவில்லை என்று பயணி யாராவது எழுதினால், அன்றைய பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்தான் விளக்கம் எழுத வேண்டும். அதை அப்படியே தட்டச்சு செய்து மேனேஜர் கையெழுத்துடன் அனுப்பிவிடுவார்கள். எங்கள் அலுவலக நடைமுறை அது.

உறையிலிருந்து எடுத்தபோதே கையெழுத்து தெரிந்துவிட்டது. பதினொரு தேதிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம். 9.35 முதல் 10.15 வரை நின்றேன், வண்டி வரவில்லை. கீழே, பாலம் வரைக்கும் வேறு பஸ்ஸில் வந்து, அங்கிருந்து பழைய கிடங்குகளின் சுவரை ஒட்டி முப்பத்தைந்து நிமிடம் நடப்பதாக எழுதியிருந்தாள். எட்டாவது தேதிக்கு எதிரே மட்டும் கூடுதலாக ஒரு வரி இருந்தது. 'பைக்கில் இருவர் தெருமுனை வரை பின்னாலேயே வந்தார்கள்.'

அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அண்ணன் அங்கே வேலை செய்கிறான் என்றும் எங்கும் எழுதவில்லை.

பதிவேட்டைத் திறந்தேன். பதினொரு தேதிகளிலும் என் கையெழுத்து. எட்டாவது தேதியில் கொஞ்சம் பெரிதாக, வால் நீட்டிப் போட்டிருந்தேன். அன்று என்ன உற்சாகமோ, நினைவில்லை.

பதிவேட்டை மூடினேன். பிறகு எப்போதும் எழுதுவதையே எழுதினேன். 'பதிவேட்டைச் சரிபார்த்ததில், குறிப்பிட்ட நாட்களில் பேருந்து உரிய நேரத்தில் இயக்கப்பட்டுள்ளது. பயணிகள் எவரும் நிறுத்தத்தில் இல்லை.' கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இப்போது சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு மதியம் அவள் வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தாள்.

"இதைக் கேளுங்க அண்ணி. நான் அங்க நிக்கவே இல்லையாம்."

என் மனைவி வாங்கிப் படித்தாள். "அடப்பாவிங்களா! பதினோரு நாள் காலு கடுக்க நின்னவளைப் பார்த்து ஆளே இல்லன்னு எழுதறதுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும்?"

"கீழ பாருங்க. டைம் கீப்பர் விளக்கத்தின்படின்னு போட்டிருக்கு." தங்கை என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, சாயங்கால ஷிப்ட்ல உன்னோட இன்னொரு டைம் கீப்பரும் இருக்காரா?"

அவள் குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். இருக்கிறார் என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்கிற மாதிரிகூட இருந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அந்த ஆளைத் திட்டிவிட்டு, தாளை மடித்துவிட்டு, திரும்பவும் அந்தச் சுவரை ஒட்டி நடந்திருப்பாள்.

மேஜை மேல் தண்ணீர் சிந்தி ஒரு வட்டம் இருந்தது. அதை விரலால் அழித்தேன். மனைவி தாளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"இல்ல" என்றேன். "நான் மட்டும்தான்."

தங்கை கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இந்தப் பதில்?"

"நான்தான் எழுதினேன்."

"என் லெட்டர்னு தெரிஞ்சுதானா?"

"தெரிஞ்சுதான்."

"வீடு பார்த்த அன்னிக்கு? அந்த வண்டி ஓடாதுன்னு அன்னிக்கே தெரியுமா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"வாயைத் திறந்து சொல்லுங்களேன்" என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"தெரியும்."

தங்கை அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் நோட்டை எடுத்துப் புதுப் பக்கத்தில் தேதியைப் போட்டாள்.

"சரி. ஒன்பதரைக்கு மேல நிஜமா ஓடற வண்டி எதெல்லாம்? அதைச் சொல்லு. அந்த ரூட்ல வீடு பார்த்துக்கறேன்."

சொன்னேன். நான்கு, பதினொன்று, பத்தொன்பது. அவ்வளவுதான். டிப்போ பலகையில் ஒன்பதரைக்கு மேல் பதினேழு ரூட் இருக்கிறது. சொல்லச் சொல்ல இந்த ஊர் எவ்வளவு சின்னதாகிவிடுகிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவள் ஒவ்வொன்றாக எழுதினாள். எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தாள். பிறகு பேனாவால் மூன்றையும் மெதுவாக அடித்தாள்.

"வேண்டாம். நானே நேர்ல நின்னு பார்த்துக்கறேன்."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வரேன் அண்ணி" என்றாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் மனைவி தங்கையோடு போனில் பேசினாள். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி. "பைக்கு விஷயம் லெட்டர்ல எழுதியிருந்தாளாமே. படிச்சீங்களா?"

மறுநாள் ஒன்பது நாற்பது கட்டத்தில் 'இயக்கப்படவில்லை' என்று எழுதினேன். எக்ஸ்பிரஸ் குனிந்து பார்த்து, "உனக்கு மண்டை கிண்டை குழம்பிடுச்சா?" என்றார். காரணத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அட மனுஷா! தங்கச்சின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாசல்லயே கொண்டுபோய் இறக்கிவிட்டிருப்பேனே!"

நிச்சயம் செய்திருப்பார். நல்ல மனிதர். நாங்கள் எல்லோருமே நல்ல மனிதர்கள்தான். அதை நினைத்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தினமும் அதையே எழுதினேன். மாதக் கடைசியில் எனக்கும் அவருக்கும் மெமோ வந்தது. அதற்குப் பிறகு வண்டி சில நாள் போகிறது, சில நாள் போவதில்லை. போகாத நாளில் போகவில்லை என்று எழுதுகிறேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. முதல் நாளிலிருந்து எனக்குச் சம்பளம் கொடுப்பதே அதற்குத்தான்.

தங்கை இரண்டு வாரம், வேலை முடிந்ததும் ஒவ்வொரு நாளும் ஒரு ரூட்டில் ஏறி இறங்கிப் பார்த்திருக்கிறாள். வேலை விட்டு வரும் பெண்களிடம் விசாரித்திருக்கிறாள். கடைசியில் பதினொன்றாம் நம்பர் ரூட்டில் ஒரு வீடு எடுத்தாள். நான் ஓடுகிறது என்று சொன்ன மூன்றில் ஒன்றுதான் அது. அவள் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. விலாசத்தைக்கூட மனைவியிடம்தான் சொன்னாள்.

அட்டைப் பெட்டிகளைத் தூக்கிவைக்க நான் போனேன். போனபோது வேண்டாம் என்று தடுக்கவில்லை. மதியம் அவள் வேலைக்குக் கிளம்பினாள். நானும் கூடவே நிறுத்தம்வரை நடந்தேன். அங்கே தையல் கடை வைத்திருக்கும் பெண் கதவருகே மெஷினைப் போட்டு ஏதோ தைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. மணி ஒன்று இருபது. ஒன்றேகாலுக்குக் கிளம்பும் வண்டி ஒன்று இருபத்திரண்டுக்குத்தான் இந்த நிறுத்தத்தைத் தொடும். எந்த வண்டி எங்கே எத்தனை மணிக்கு என்பது எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும்.

தங்கை என்னைத் தாண்டி இரண்டு அடி முன்னால் போனாள்.

"அக்கா, ஒண்ணேகால் வண்டி போயிடுச்சா?"

"இன்னும் போகலம்மா. வரும், நில்லு."

"சரிக்கா" என்று தங்கை பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு நின்றாள். நான் அவளுக்குப் பின்னால், பலகையின் நிழலில் நின்றேன்.