வாசலை மறித்த சாரசன்

லோர்னா ஸ்கெல்டிங்குக்கு அறுபத்து மூன்று வயது. அவளிடம் இருந்த சாரசன் என்ற ராணுவக் கவச வண்டிக்கும் ஏறத்தாழ அதே வயதுதான். ஆறு சக்கரம், பத்து டன் இரும்பு, தலையில் ஒரு சின்ன கோபுரம், அதில் செயலிழக்கச் செய்த ஒரு துப்பாக்கி. ஒரு காலத்தில் ராணுவத்தில் லாரி ஓட்டியவள். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கவச வண்டியைத் துருவிலிருந்து மீட்டெடுக்க ஒன்பது வருஷம் ஆயிற்று. இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பக்கத்தில் பழைய ராணுவ வண்டி வைத்திருப்பவர்களில் அவளைத் தெரியாதவர் கிடையாது. பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது. காகிதம் விஷயத்தில் அவ்வளவு கறார்.

ஹேதர்ஸ்பி ஊர் வயலில் ஆகஸ்ட் கண்காட்சி நடந்த சனிக்கிழமை காலை, பழைய ராணுவ வண்டிச் சங்கத்தின் தலைவர் தொரால்ட் ஒலிபெருக்கியில் அறிவித்தார். அந்த வயலும் அவருடையதுதான். "பிள்ளைங்களே, இந்த வருஷம் புதுசு! நம்ம பிரென் கேரியர்ல ஏறி சர்ச் வரைக்கும் போயிட்டு வரலாம். தலைக்கு அஞ்சு பவுண்டு. காசெல்லாம் சர்ச் கூரை ரிப்பேருக்குத்தான்!"

கேரியர் என்பது சங்கிலிப்பட்டையில் ஓடும் கூரையில்லாத சின்ன வண்டி. இருக்கைப் பட்டை கிடையாது. பிள்ளைகள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வயலைத் தாண்டி, ஊர்ச்சாலையில் கால் மைல் போய்த் திரும்ப வேண்டும். அறிவிப்பு முடிவதற்குள் நாற்பது பிள்ளைகள் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

லோர்னா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நேராகத் தொரால்டிடம் போனாள்.

"சங்கத்துப் பாலிசியைப் படிச்சீங்களா, தொரால்ட்? மூணாவது பக்கம். காசு வாங்கிட்டு ஆள் ஏத்தினா காப்பீடு செல்லாது."

"காசு இல்ல லோர்னா, நன்கொடை."

"பேரை மாத்தினா பாலிசி மாறிடுமா? வண்டியை யாரு ஓட்டறது?"

"என் தங்கச்சி பையன் ஜைல்ஸ். நல்லா ஓட்டுவான்."

"நல்லா ஓட்டுவான் சரி. சங்கிலி வண்டிக்குத் தனி லைசென்ஸ் வேணுமே, இருக்கா?"

தொரால்ட் சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களா? போருக்குப் போன வண்டி இது. குண்டு மழையில ஓடின வண்டிக்கு ஊர்ச்சாலையில என்ன வந்துடப் போகுது? இருபது வருஷமா கண்காட்சி நடத்தறேன். ஒண்ணும் ஆகாது, போம்மா."

ஒன்றும் ஆகாது. இதே வார்த்தையை அவள் அண்ணன் லெனர்டும் ஒரு நாள் சொன்னான். ராணுவ லாரியின் சக்கரம் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான். இரண்டு இரும்புப் பாதிகளைச் சேர்த்து நட்டுகளால் முடுக்கிய வட்டு அது. டயரின் காற்றை இறக்காமல் அந்த நட்டுகளில் கை வைக்கக் கூடாது. அவசரத்தில் வைத்தான். வட்டு பிளந்து தெறித்த சத்தம் அடுத்த பண்ணை வரை கேட்டது. விசாரணையில் அதை 'தற்செயல் மரணம்' என்று எழுதினார்கள். அன்றிலிருந்து தன் கையில் வந்த ஒவ்வொரு சக்கரத்திலும் அந்த நட்டுகளுக்கு அவள் சிவப்பு வர்ணம் அடித்து வைத்தாள்.

இதையெல்லாம் அவள் தொரால்டிடம் சொல்லவில்லை. சொல்லிப் பயனில்லை என்று தெரியும். திரும்பி நடந்து சாரசனுக்குள் ஏறினாள். எஞ்சின் உறுமியது. மெதுவாக ஓட்டிக்கொண்டு போய், வயலுக்கும் சாலைக்கும் இடையே இருந்த ஒரே வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்தினாள். எஞ்சினை அணைத்துவிட்டு, மேல்மூடியைத் திறந்து கூரையில் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் எல்லோரும் வண்டி பழுதாகிவிட்டது என்றே நினைத்தார்கள். கெல்வின் ஆம்ப்ளர் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். பழைய வண்டிகளுக்கு வைத்தியம் பார்ப்பவன், அவளுக்கு முப்பது வருஷ நண்பன்.

"என்னாச்சு? பெட்ரோல் பம்ப்பா?"

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் நின்னுட்டேன்."

"அடிப்பாவி! பின்னால பாரு, நூறு பேர் நிக்கிறாங்க. பிள்ளைங்க அழுவுது."

"அழட்டும் கெல்வின். சாயங்காலம் எல்லாம் முழுசா வீட்டுக்குப் போய் அழட்டும்."

வரிசையிலிருந்து ஒரு தாய் கத்தினாள்: "உனக்கெல்லாம் பேரப்பிள்ளைங்களே கிடையாதா?" யாரோ தின்றுகொண்டிருந்த பன்னை விட்டெறிந்தார்கள். அது சாரசன் பக்கவாட்டில் பட்டு விழுந்தது. லோர்னாவுக்குக் காது சிவந்தது. ஆனால் இறங்கவில்லை.

தொரால்ட் மூச்சிரைக்க வந்தார். "இது என் நிலம். வண்டியை எடு. இல்லன்னா போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. நானே கூப்பிடலாம்னு இருந்தேன்."

அவர் உண்மையிலேயே கூப்பிட்டார். 'துப்பாக்கி வைத்த கவச வண்டியில் ஒரு பெண் வழியை மறிக்கிறாள்' என்று சொன்னதால் இருபது நிமிஷத்தில் கார் வந்துவிட்டது. இறங்கியவர் கான்ஸ்டபிள் பியர்ஸ், நாற்பது வயதுப் பெண். அண்ணாந்து பார்த்தார்.

"மேடம், அந்தத் துப்பாக்கி?"

லோர்னா ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினாள். "சுடாது. செயலிழக்கச் செஞ்ச சான்றிதழ் மேலேயே இருக்கு. அடியில காப்பீடு, பதிவு, என் லைசென்ஸ். எல்லாத்தையும் பாருங்க. அவசரமே இல்ல."

பியர்ஸ் ஒவ்வொன்றாகப் பார்த்து உறையைத் திருப்பிக் கொடுத்தார். "எல்லாம் சரியா இருக்கு. ஆனா வழியை மறிச்சது தப்பு மேடம்."

"தப்புதான். எழுதிக்கங்க. அப்படியே அந்தக் கேரியர் காகிதத்தையும் கேளுங்க. பிள்ளைங்களை ஏத்திட்டு ஊர்ச்சாலைக்குப் போகப்போகுது."

பியர்ஸ் திரும்பித் தொரால்டைப் பார்த்தார். "சார்?"

"இது ஒரு சின்ன ஊர் விழா..."

"புரியுது சார். பயணி ஏத்தறதுக்குக் காப்பீடு இருக்கா? ஓட்டறவருக்குச் சங்கிலி வண்டி லைசென்ஸ்?"

தொரால்ட் ஜைல்ஸைத் திரும்பிப் பார்த்தார். ஜைல்ஸ் கேரியரிலிருந்து இறங்கிக் கையுறைகளைக் கழற்றினான். மாமா ஆரம்பித்த காரியம் தன் தலையில் விடியும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

அன்று சவாரி நடக்கவில்லை. லோர்னாவுக்கு ஓர் எச்சரிக்கையோடு போயிற்று. வாசலை விட்டு வண்டியை எடுத்தபோது கைதட்ட ஒருவரும் இல்லை. கூச்சல்தான் இருந்தது.

அந்தக் கேரியர் கவிழ்ந்திருக்குமா, ஒரு பிள்ளை விழுந்திருக்குமா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. கவிழாமலே போய்த் திரும்பியிருக்கலாம். வீட்டுக்குப் போகும் வழியில் கெல்வின் அதைத்தான் சொன்னான்.

"ஒண்ணும் ஆகியிருக்காது, லோர்னா."

"ஆகியிருக்காதுதான். அதுக்கென்ன?"

செப்டம்பரில் சங்கம் கூடிப் பத்தொன்பதுக்குப் பதினொன்று என்ற வாக்குக் கணக்கில் அவளை நீக்கியது. ஒரு வரி மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். அவள் எழுதவில்லை. நீக்கப்பட்டதும், சங்கம் வழியாகச் சாரசனுக்கு இருந்த காப்பீடும் போயிற்று. மூன்று கம்பெனிகள், 'பத்து டன், கோபுரம்' என்று கேட்டதுமே போனை வைத்தன. நாலாவது இடத்தில் பேசிய ஆள் பொறுமையாகக் கேட்டான்.

"இதுவரைக்கும் ஏதாவது விபத்து நடந்திருக்கா மேடம்?"

"இல்ல. போலீஸ் எச்சரிக்கை ஒண்ணு இருக்கு. வாசலை மறிச்சதுக்கு." முழுக் கதையையும் மறைக்காமல் சொன்னாள்.

எதிர்முனையில் கொஞ்ச நேரம் தட்டச்சு ஒலி கேட்டது. "நீங்க பாலிசியை உண்மையிலேயே படிச்சிருக்கீங்களா?" என்றான். அவன் குரலில் இருந்தது ஆச்சரியம்தான். மறுவாரம் காப்பீடு வந்து சேர்ந்தது.

அக்டோபரில் பக்கத்து மாவட்டத்துக் கண்காட்சிக்குப் போனாள். நுழைவில் நின்றவர் சாரசனைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார்.

"ஹேதர்ஸ்பியில மல்லுக்கட்டின அம்மா நீங்கதானே?"

"நானேதான். இங்க ஆள் ஏத்தற வண்டி ஏதாவது உண்டா?"

"ஒண்ணு உண்டு. ஆனா எல்லாக் காகிதமும் இருக்கு, சத்தியமா."

"சத்தியம் வேணாம். காகிதத்தைக் காட்டுங்க."

அவர் கூடாரத்துக்கு ஓடிப்போய் எடுத்து வந்தார். லோர்னா இறங்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். பின்னால் வரிசையில் நின்ற ஜீப்புகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. அவள் நாலு பக்கத்தையும் படித்தாள்.