பெட்டி வராத வீடு

காலையில் எழுந்ததும் கிளெப் ஜன்னலின் மேல்கதவைத் திறந்துவிட்டான். கெட்டிலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தான். முகம் மழித்தான். ஒரு முட்டையை வேகவைத்து, கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவி, நின்றபடியே தின்றான். கெட்டில் விசிலடிக்கத் தொடங்குவதற்கு முன்பே அடுப்பை அணைத்தான். ஒரு வருடமாக அந்த வீட்டில் அது விசிலடித்ததில்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். முந்தைய நாள் தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டான். வாசலில் மனைவி கீராவின் வீட்டுச் செருப்புகள் சுவரைப் பார்த்துக் கிடந்தன. அவற்றை மிதிக்காமல் தாண்டி வெளியே போய்க் கதவைப் பூட்டினான். செப்டம்பர் ஞாயிறு. போன வருடம் ஜெயித்த நாடாளுமன்ற உறுப்பினர் வேறு பெரிய பதவி கிடைத்துப் போய்விட்டதால் இன்று இடைத்தேர்தல்.

அவன் வரலாறு சொல்லிக்கொடுக்கும் பள்ளிதான் வாக்குச்சாவடி. ஆசிரியர்கள்தான் தேர்தல் குழு. தலைமையாசிரியை ரிம்மா அர்க்காதியெவ்னா குழுத் தலைவி, கிளெப் செயலர். நுழைவாயிலில் ஒலிபெருக்கி பழைய அணிவகுப்புப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு அறைப் பெண்கள் முட்டைகோஸ் அடைத்த பணியாரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாக்குப்போட வருகிற கிழவர்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் வருவார்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் வழியில், சுவரில், கிளெப் தயாரித்த பலகை தொங்கியது. ‘நம் தொகுதியின் தேர்தல் வரலாறு.’

“வரலாற்று வாத்தியாரை வச்சுக்கிட்டு சுவத்த வெறுமையா விடலாமா?” என்று போன மாதம் ரிம்மா அர்க்காதியெவ்னா கேட்டிருந்தாள். அவன் மறுக்கவில்லை. அவன் எதையும் மறுப்பதில்லை.

முதல் தேர்தல் ஒரு டிசம்பரில், கடும் பனியில் நடந்தது. நாடக அரங்கிலிருந்து படகுத்துறை வரை நகரத்தின் நடுப்பகுதி முழுக்க ஒரே தொகுதி. இயற்பியல் பேராசிரியர் ஒருவர் ஜெயித்தார். அடுத்த முறை அவரைத் தோற்கடித்துக் கம்யூனிஸ்ட் வந்தார். அவருக்குப் பிறகு இறைச்சித் தொழிற்சாலை முதலாளி, இரண்டு முறை. பிறகு சட்டம் மாறியது. கட்சிகளுக்கு மட்டும்தான் வாக்கு. இரண்டு தேர்தல்களில் தொகுதி என்ற ஒன்றே இல்லை. பலகையில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தான். போன வருடம் தொகுதிகள் திரும்பி வந்தன. ஆனால் நகரத்தைக் கேக் மாதிரி துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டோடும் ஒரு பெரிய கிராமப் பரப்பை ஒட்டவைத்திருந்தார்கள். நாடக அரங்குக்கும் எங்கோ தொலைவில் இருந்த பால் பண்ணைகளுக்கும் இப்போது ஒரே உறுப்பினர். கீரா படுக்கையில் இருந்தபடியே செய்தித்தாளில் வந்த வரைபடத்தைப் பார்த்துச் சிரித்தாள். “நம்ம தொகுதி திரும்பி வந்துருச்சு கிளெப். ஆனா உடம்பு தேறாம வந்திருக்கு. என்னை மாதிரி.”

அவளை அவன் முதலில் பார்த்தது இதே உடற்பயிற்சிக் கூடத்தில்தான், தொகுதியே இல்லாத அந்தத் தேர்தல்களில் இரண்டாவதில். பார்வையாளராக வந்து மூலை நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். வாக்குகளை எண்ணும்போது ஒவ்வொரு சீட்டையும் உயர்த்திக் காட்டச் சொன்னாள். காட்டவில்லை என்று புகார் எழுதினாள். புகாரால் ஒன்றும் ஆகவில்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த கிளெப் மறுவாரம் அவளைத் தேடிப் போனான். ஆசிரியர் அறையில் வெகுநாள் அவனைக் கேலி செய்தார்கள்: “நம்ம கிளெப் எதிர்க்கட்சியையே கட்டிக்கிட்டான்பா!” எல்லோரோடும் சேர்ந்து ரிம்மா அர்க்காதியெவ்னாவும் சிரித்தாள். புகாரை மட்டும் மறக்கவில்லை.

போன வருடத் தேர்தலன்று கீராவால் மாடிப்படி இறங்க முடியவில்லை. நடக்க முடியாதவர்களின் வீட்டுக்குக் குழு உறுப்பினர்கள் இரண்டு பேர் சிறிய பெட்டியை எடுத்துப்போவது வழக்கம். “என் பேரை மறக்காம பட்டியல்ல எழுதிரு,” என்றாள் காலையில். “ஆனா நீ தூக்கிட்டு வராதே. சொந்தக்காரனே பெட்டியோட வந்தான்னு நானே புகார் எழுத வேண்டியிருக்கும்.”

அவன் சொல்லத்தான் வாயெடுத்தான். ரிம்மா அர்க்காதியெவ்னா முந்திக்கொண்டாள். “கீரா எப்படி இருக்காங்க? பாவம், இன்னைக்கு அவங்களத் தொந்தரவு பண்ணாதீங்க கிளெப். பெட்டின்னா கூடவே நாலு பேரு நுழைவாங்க. கீராவும் சும்மா இருக்க மாட்டாங்க. முத்திரை எங்கே, கையெழுத்து எங்கேம்பாங்க. நமக்கு எதுக்கு?”

அவள் கட்டாயப்படுத்தவில்லை, மிரட்டவில்லை. ‘நமக்கு’ என்ற அந்த ஒரு சொல்லில் அவனையும் சேர்த்துக்கொண்டாள், அவ்வளவுதான். அதில் இருப்பது அவனுக்கு இதமாக இருந்தது. “சரி,” என்றான். மதியம் கீரா போன் செய்தபோது, “நிறைய வீடு இருக்கு, வருவாங்க,” என்றான். வாக்குப்பதிவு முடியப்போகிற நேரத்தில், பின்முற்றத்தைத் தாண்டி வீட்டுக்கு ஓடினான். அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். நீலக் கோட்டு. உதட்டுச் சாயம். மேஜையில் அடையாளம் காட்டப் பாஸ்போர்ட்டும், வருகிறவர்களுக்காக நான்கு கோப்பைகளும், அவன் முந்தின நாள் வாங்கி வந்திருந்த பணியாரங்களும். அடுப்பில் கெட்டில் விசிலடித்துக்கொண்டிருந்தது. எத்தனை முறை தண்ணீர் மாற்றி வைத்தாளோ. அவனுடைய வெறுங்கைகளைப் பார்த்தாள். இரண்டே வாக்கியம் சொன்னாள். அவன் வாக்குகளை எண்ணத் திரும்பிப் போனான். விடியும்போது வந்து பார்த்தால் அவளுக்குச் சுயநினைவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. பிறகு அவள் பேசவே இல்லை.

ஒரு வாக்கு எதையும் மாற்றியிருக்காது. அவள் போட நினைத்த வேட்பாளர் வெகுதூரம் பின்னால் இருந்தார். இதை அவன் தனக்குப் பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறான். அது உண்மைதான். அதனால் ஒரு பயனும் இல்லை.

“வீட்டு வாக்கு ஒண்ணு இருக்கு, கிளம்பலாமா?” என்றபடி உடற்பயிற்சி ஆசிரியன் எல்தார் பெட்டியைச் சூப்புப் பானை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தான். கிளெப் பெயரைப் பார்த்தான். நோன்னா வசீலியெவ்னா. கீராவின் அம்மா. ஆகஸ்டில் குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டிருந்தாள்.

“வேற யாரையாவது கூட்டிட்டுப் போயேன்.”

“எல்லாரும் பணியாரம் திங்கப் போயிட்டாங்க. வாங்க, மாமியார் வீட்டுக்குப் போகக் கசக்குதா?”

கதவைத் திறந்துவிட்டு அண்டை வீட்டுப் பெண் போய்விட்டாள். நோன்னா வசீலியெவ்னா சமையலறை மேஜைக்கு முன்னால் காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வாழ்நாளெல்லாம் டிராம் ஓட்டியவள்; குரல் இன்னும் கடைசிப் பெட்டி வரை கேட்கும். விசேஷ நாட்களுக்கான அம்பர் கல் அலங்கார ஊசியை மார்பில் குத்தியிருந்தாள். மேஜையில் கோப்பைகள் இருந்தன. அடுப்பில் கெட்டில் இருந்தது.

“வந்துட்டீங்களா! செருப்பக் கழட்டாதீங்க, இன்னைக்கு அரசாங்கம் வந்திருக்கு,” என்றாள். “தம்பி, பெட்டியைச் சாப்பாட்டுக்குப் பக்கத்துல வைக்காத. கிளெப், இளைச்சிட்டே. முட்டையத் தின்னே காலத்த ஓட்டுறியா?”

“நல்லாத்தான் இருக்கேன், நோன்னா வசீலியெவ்னா.”

சீட்டை வாங்கி, கையால் மறைத்துக் குறியிட்டாள். நான்காக மடித்தாள். பெட்டியின் வாய்க்கருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

“என் பொண்ணு கடைசியா செஞ்ச காரியம் இதுதான் தம்பி,” என்றாள் எல்தாரிடம். “சாகக் கிடந்தவ, லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு ஓட்டுப் போட்டா. எங்க குடியிருப்பு முற்றத்துல எல்லாருக்கும் தெரியும். காலு நல்லா இருக்கிறவனே போகல, எம் பொண்ணு போட்டா பாருன்னு சொல்லிச் சொல்லியே பல பேரை இன்னைக்கு அனுப்பி வச்சிருக்கேன். இதே பெட்டிதானா? போன வருஷம் யாரு தூக்கிட்டுப் போனது, நீயா?”

“நான்தான். அன்னைக்குப் பூரா நான்தான் தூக்கினேன்,” என்றான் எல்தார் பெருமையாக. பிறகு யோசித்தான். “ஆனா கிளெப் வீட்டுக்கு நாங்க போகவே இல்லையேம்மா. போயிருந்தா ஞாபகம் இருக்குமே, ஸ்கூலுக்குப் பக்கத்து முற்றம்தானே...” கிளெப்பின் முகத்தைப் பார்த்து, பாதியில் நிறுத்திவிட்டான்.

மயானத்திலிருந்து திரும்பி எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது நோன்னா வசீலியெவ்னா இரண்டு கேள்விகள் கேட்டிருந்தாள். பெட்டி வந்ததா? கடைசியாக என்ன சொன்னாள்? வந்தது என்றான் அவன். அம்மாவைப் பார்த்துக்கோ என்று சொன்னாள் என்றான். இரண்டையும் சட்டென்று சொன்னான். இவ்வளவு அழகாகப் பொய் வருகிறதே என்று அவனுக்கே அப்போது தோன்றியது.

எல்தார் வெளியே போக ஒரு காரணம் தேடினான். ஆனால் பெட்டியை விட்டு இரண்டு பேரில் ஒருவரும் நகரக் கூடாது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே போகிற டிராமைப் பார்த்தபடி நின்றான். அவன் காதுகள் சிவந்திருந்தன.

நோன்னா வசீலியெவ்னா கத்தவில்லை. மடித்த சீட்டு விரல்களுக்கிடையே அப்படியே இருந்தது. அதைப் பெட்டியில் போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

“நீதானேடா பேரு எழுதுறவன்,” என்றாள்.

“ஆமா.”

“எழுதல.”

“எழுதல.”

“யாராவது வேணாம்னாங்களா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அது பாதி உண்மை. “நான்தான் எழுதல,” என்றான்.

அவள் அம்பர் ஊசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அடுப்பில் கெட்டில் முனகத் தொடங்கியது.

“அப்ப அம்மாவைப் பாத்துக்கோன்னு சொன்னதா சொன்னியே, அதுவும் அவ சொல்லல.”

அவன் தலையைத் தூக்கவில்லை. எண்ணெய்த் துணி விரிப்பில் அச்சிட்டிருந்த செர்ரிப் பழங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கிளெப். என்னைப் பாரு. என் பொண்ணு நெசமா என்ன சொன்னா?”

கெட்டில் விசிலடித்தது. சமையலறை முழுக்க ஆவி. மூன்று பேரில் யாரும் எழுந்திருக்கவில்லை. விசில் உச்சத்துக்குப் போய் அங்கேயே நின்றது. கிளெப் வாயைத் திறந்தான். கீரா அன்று அவனுடைய வெறுங்கைகளைப் பார்த்து, கோபமில்லாமல், களைப்போடு சொன்னது இவ்வளவுதான்:

“கெட்டில அணைச்சிரு கிளெப். இனிமே யாரும் வரமாட்டாங்க.”